வீட்டுக் கணினி பேக்கப்: எந்த டிஸ்க் வாங்குவது?

கேள்வி: மும்பை செம்பூரில் தரைத்தள வீடு எங்களுடையது. கணினியில் சுமார் 600 ஜிபி இருக்கிறது. மகளின் கல்யாண வீடியோ, மறைந்த மாமனார் பாடிய கேசட்டுகளிலிருந்து எடுத்த ஆடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். பேக்கப் என்று இருப்பது ஏழு வருடப் பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று. இப்போது அது டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் 700 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? அல்லது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிதான் காலத்துக்கும் நிற்குமா?

பதில்: முதலில் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பழைய டிஸ்கில் மட்டும் இருக்கும் ஃபைல் ஏதாவது உண்டா? கணினியில் இடம் போதவில்லை என்று சிலவற்றை டிஸ்குக்கு மாற்றிவிட்டு, அதையும் பேக்கப் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இருந்தால் அது பேக்கப் இல்லை, ஒரே பிரதி. டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால் அந்த ஃபைல்களை மட்டும் முதலில் கணினிக்கு எடுங்கள். ஃபார்மேட், ரிப்பேர் ஸ்கேன் எதுவும் வேண்டாம். திறக்கவே இல்லையென்றால் மறுபடி மறுபடி சொருகிப் பார்க்காமல் டேட்டா மீட்டுத் தருபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையில் சில நானோமீட்டர்தான் இடைவெளி. டிக் டிக் சத்தம் பெரும்பாலும் அந்த ஹெட் தடுமாறுவதால் வருவது. ஓட்ட ஓட்டச் சேதம் கூடும்.

700 ரூபாய் பென்டிரைவ் வேண்டவே வேண்டாம். அந்த விலைக்கு 2 டிபி வராது. சின்ன சிப் ஒன்றில் மென்பொருளைத் திருத்தி 2 டிபி என்று காட்ட வைத்திருப்பார்கள். காப்பி செய்யும்போது எல்லாம் ஏறுவதுபோலத் தெரியும், ஃபைல் பெயர்களும் இருக்கும். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

எஸ்எஸ்டி நல்ல பொருள்தான். வேகம் அதிகம், கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் அது தகவலை மின்னூட்டமாகச் சேமிக்கிறது. மின்சாரம் இல்லாமல் வெகுகாலம் கிடந்தால், அதுவும் வெயிலில், அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். திரும்பத் திரும்ப எழுதி ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலை வைத்திருந்தால் போதும் என்பதுதான், சிப் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டு எஸ்எஸ்டிகளுக்கு வைத்திருக்கும் தர அளவு. புதிய எஸ்எஸ்டி அதைவிட அதிகம் தாங்கும் என்றாலும், பீரோவில் வைத்து மறந்துவிடும் பேக்கப்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஹார்டு டிஸ்க் காந்தமாகப் பதிகிறது, ஜிபி கணக்கில் விலையும் குறைவு. கீழே போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் பணத்தை இரண்டு சாதாரண 2 டிபி ஹார்டு டிஸ்குகளில் போடுங்கள். இரண்டும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒரே சமயத்தில் தயாரானவற்றில் ஒரே கோளாறு வர வாய்ப்புண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் வாங்கினால் சீரியல் நம்பர் போட்ட பில் கேளுங்கள், அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி காட்டுகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் 1.81 டிபி என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். கம்பெனி ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஆனால் ஒன்று: வாரண்டியில் புது டிஸ்க் கிடைக்கும், உங்கள் மாமனாரின் குரல் கிடைக்காது. எந்த பிராண்ட் என்பதைவிட எத்தனை பிரதி, எங்கே இருக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இரண்டில் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. நீங்கள் இருப்பது தரைத்தளம். முலுண்டிலோ டோம்பிவிலியிலோ மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒன்றை வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப்பையும் பேக்கப் டிஸ்கையும் ஒரே பையில் வைத்து லோக்கல் ரயிலில் பறிகொடுத்தவன் நான். இரண்டு வருடப் புகைப்படங்கள் போய்விட்டன, இன்றும் மனசு ஆறவில்லை.

வீட்டில் இருக்கும் டிஸ்கையும் காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். சொருகியே இருந்தால், 2017இல் வானாக்ரை செய்ததுபோல, ஃபைல்களைப் பூட்டும் வைரஸ் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டும். மழைக்காலத்தில் மூடி இறுகும் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள்.

கிளவுட் வேண்டுமா? பத்திர ஸ்கேனுக்கு கூகுளின் 15 ஜிபி இலவச இடம் போதும். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலாக ஏற்றுங்கள். 600 ஜிபியையும் 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். அப்புறம், சிங்க் ஆகும் (கணினியில் செய்யும் மாற்றம் தானாகவே கிளவுடிலும் நடக்கும்) ஃபோல்டரில் ஒரு ஃபைலைக் கைதவறி அழித்தால் கிளவுடிலும் அழியும். அதனால் டிஸ்குகளுக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்கை வேறொரு கணினியில் சொருகி, கல்யாண வீடியோவின் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள், நடுவில் ஒரு பாட்டைக் கேளுங்கள். ஆடியோ எடுத்தாயிற்றே என்று அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவையும் ஒரு பிரதிதான். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல், ஈரம் படாத இடத்தில் செங்குத்தாக அடுக்கி வையுங்கள்.