நாற்றத்தில் புரளும் நாயும் மாட்டுக் கொட்டகையும்

கேள்வி: எர்ணாவூரில் நான்கு கறவை மாடுகளும் ஆறு ஆடுகளும் வைத்திருக்கிறேன். காவலுக்கு வளர்க்கும் நாட்டு நாய் கடற்கரைக்கு ஓடி, அழுகிய மீனிலும் செத்து ஒதுங்கிய ஆமையிலும் புரண்டுவிட்டு வந்து கொட்டகையில் படுக்கிறது. போன மாதம் மாடு கன்று போட்டபோது நாங்கள் புதைத்த நஞ்சுக்கொடியைத் தோண்டி எடுத்து, அதிலும் புரண்டது. அடித்தும் திருந்தவில்லை. இது நோயா? மாட்டுக்கும் பாலுக்கும் கெடுதல் வருமா?

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் நாய்க்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆகவே தயவுசெய்து அதை அடிக்காதீர்கள். காசிமேட்டில் வலை உலர்த்தும் இடத்தருகே ஒரு நாய் இதைச் செய்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். நசுங்கிக் கிடந்த மத்தி மீன்களை நெடுநேரம் முகர்ந்து, முதலில் கன்னத்தையும் பிறகு கழுத்தையும் தோளையும் அவற்றின்மேல் அழுத்தித் தேய்த்து, கடைசியாகத்தான் மல்லாந்து நான்கு கால்களையும் தூக்கிக்கொண்டு புரண்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள். உண்ணியாலோ சொறியாலோ அரிப்பெடுத்த நாய் வெறுந்தரையிலும் சுவரிலும் உடம்பைத் தேய்க்கும். முகர்ந்து பார்த்து இடம் தேர்ந்தெடுக்காது.

நாயின் மூதாதையான ஓநாய்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. வேட்டைக்குப் போகும்போது தன் உடல் வாடையை மறைக்கவே புரளுகிறது என்று நம் பெரியவர்கள் சொல்வது கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓநாய் பதுங்கிப் பாய்வதைவிட துரத்திப் பிடிக்கும் விலங்கு என்பதாலும், வளர்க்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்தவர்கள் அவை வாசனைத் திரவியத்திலும் என்ஜின் எண்ணெயிலும்கூட ஆவலோடு புரண்டதைக் கண்டிருப்பதாலும், அந்த விளக்கம் மட்டும் போதாது. புரண்டு திரும்பிய ஓநாயைக் கூட்டத்தின் மற்ற ஓநாய்கள் சூழ்ந்து முகர்வதால், எங்கே என்ன கிடைத்தது என்ற செய்தியை உடம்பில் ஏந்தி வருகிறது என்று கருதுவோரும் உண்டு. காரணம் இதுதான் என்று அறிவியல் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. புதிய, கடுமையான வாடை நாயைச் சுண்டி இழுக்கிறது என்பது மட்டும் உறுதி. மனித மூக்கில் வாடையை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம். நாய்க்கோ 20 கோடிக்கும் மேல். நமக்குக் குமட்டும் பிணவாடை அதற்கு அருவருப்பாக இருக்க வேண்டியதில்லை. தை, மாசியில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கும் உங்கள் கரையில் அந்த வாடைக்குக் குறைவேயில்லை.

மீனிலும் ஆமையிலும் புரள்வதைவிட, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் நஞ்சுக்கொடி விஷயமே எனக்குப் பெரிய கவலையைத் தருகிறது. மாட்டின் சினையைக் கலைத்துவிடும் கன்றுவீச்சு நோயின் (புருசெல்லோசிஸ்) கிருமி இருக்கும் மாட்டின் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் அக்கிருமி ஏராளமாக வெளிவரும்; நாய் அதைக் கடித்து இழுத்தும் உடம்பில் பூசிக்கொண்டும் கொட்டகை முழுவதும் பரப்பிவிடும். அது மனிதருக்கும் தொற்றும். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியோ இன்னும் நுட்பமானது. தொற்றுள்ள நஞ்சுக்கொடியையோ வீசிய கருவையோ தின்ற நாயின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறித் தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்தால், சினைமாடு நடுச்சினையில் கன்று வீசக்கூடும். உங்கள் மாடு நல்லபடியாக ஈன்றிருப்பதால் இப்போது பதற வேண்டாம். ஆனால் எந்த மாடாவது சினை கலைந்தால், வெறுங்கையால் எதையும் தொடாமல், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ கேட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் ஒருமுறை போடும் கன்றுவீச்சுத் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள்.

பாலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பால் சுற்றியுள்ள வாடையை எளிதில் ஏற்றுக்கொள்ளும். கறக்கும் நேரத்தில் நாயை வெளியே கட்டுங்கள். கறந்தவுடன் கேனை மூடிவிடுங்கள். காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம்.

மீன் வாடையோடு வரும் நாயை வெறும் சோப்பால் குளிப்பாட்டினால் வாடை முழுதும் போகாது. அழுகும் மீனில் உண்டாகி நாற்றத்தைத் தரும் டிரைமெத்திலமின் என்ற பொருள் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ளது; புளிப்பு அதை முறிக்கும். மீனை நாம் புளித்தண்ணீரில் அலசுவது அதனால்தான் பலன் தருகிறது. ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கண்ணிலும் புண்ணிலும் படாமல் தடவி, சிறிது நேரம் கழித்து நாய்க்கான ஷாம்பூவால் கழுவுங்கள். பினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம். நாய் அதை நக்கினால் நஞ்சாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்ததைப் போன்ற எண்ணெயில் அது புரண்டு வந்தால், தண்ணீர் ஊற்றும் முன் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் அலசுங்கள். அதுவரை நக்கவிடாமல் வாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த மாடு ஈனும் நாளில் நாயை முன்கூட்டியே கட்டிவிட்டு, உறையணிந்த கையால் நஞ்சுக்கொடியை எடுத்து, குறைந்தது நான்கடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே கனமான கல்லொன்றை வையுங்கள். உங்கள் பகுதி மணற்பாங்கானது. இரண்டடிக் குழியை நாய் ஒரே இரவில் பறித்துவிடும்.