18 சிலிண்டரில் 36 பிஸ்டன் எப்படி?

சென்ற இதழில் விசித்திர எஞ்சின்களைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் இந்த மாதப் பக்கங்களை மொத்தமாகப் பிடித்துக்கொண்டன. பம்பு, பேரிங் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஒரு மாதம் பொறுங்கள்.

கே: டெல்டிக் எஞ்சினுக்கு 18 சிலிண்டர், 36 பிஸ்டன் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன்தானே? அச்சுப்பிழையா, உங்கள் பிழையா?

ப: இரண்டும் இல்லை. இந்த முறை தப்பித்தேன்.

சாதாரண சிலிண்டரின் ஒரு முனையை 'ஹெட்' என்ற மூடி அடைத்திருக்கும். அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பக்கமிருந்தும் ஒரு பிஸ்டனை உள்ளே விடுங்கள். இரண்டும் எதிரெதிரே ஓடிவந்து நடுவில் காற்றை நெருக்கும். அந்த இடுக்கில் டீசலைப் பீச்சினால் வெடித்து இரண்டையும் இரு பக்கமும் தள்ளும். ஹெட் கிடையாது, வால்வு கிடையாது. காற்று வருவதும் புகை போவதும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் வழியாகத்தான். ஆனால் இரண்டு முனையிலும் பிஸ்டன் இருப்பதால் இரண்டு முனையிலும் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேண்டும். எடை கூடும்.

அதைச் சமாளிக்கத்தான் டெல்டிக்கில் இங்கிலாந்தின் நேப்பியர் நிறுவனம் மூன்று சிலிண்டர்களை முக்கோணமாக வைத்தது. மூலைக்கு ஒரு கிராங்க், ஒவ்வொரு கிராங்க்கும் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் பொது. ஆறு கிராங்க் வேலையை மூன்று செய்துவிடும். இப்படி ஆறு முக்கோணங்களை வரிசையாக அடுக்கினால் 18 சிலிண்டர், 36 பிஸ்டன். கணக்கு சரியா?

இதைக் கேட்டது பிரிட்டிஷ் கடற்படை. இரண்டாம் உலகப்போரில் அவர்களுடைய வேகப் படகுகள் பெட்ரோலில் ஓடின. குண்டு பட்டால் படகே தீப்பந்தம். டீசல் வேண்டும், ஆனால் அன்றைய டீசல் எஞ்சினின் எடையைச் சின்னப் படகு தாங்காது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் முக்கோணம்.

வரைபடம் போட்டவர்களை வேறு ஒரு சிக்கல் படுத்தியது. புகைத்துளைப் பக்கத்துப் பிஸ்டன் மற்றதைவிடக் கொஞ்சம் முந்தி ஓட வேண்டும். அப்போதுதான் பழைய புகை வெளியேறிய பிறகு புதுக்காற்று உள்ளே வரும். முக்கோணத்தில் இரண்டு மூலைக்கு இது சரியாக வரும், மூன்றாவது மூலை உதைக்கும். கடற்படையில் இருந்த ஹெர்பர்ட் பென்வார்டன் என்ற வரைவாளர்தான் வழி சொன்னார்: ஒரே ஒரு கிராங்க்கை மட்டும் எதிர்த்திசையில் சுற்ற விடுங்கள். அவ்வளவுதான், பூட்டு திறந்துவிட்டது. நான் படிக்கிற காலத்தில் அட்டையையும் குண்டூசியையும் வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றையும் ஒரே பக்கம் சுற்றிச் சுற்றியே இரண்டு இரவு போனது. விடையைப் புத்தகத்தில் பார்த்தபோது வந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பிறகு இதே எஞ்சின் ரயிலுக்கும் போனது. தலா 1,650 குதிரைத்திறன் கொண்ட இரண்டு டெல்டிக்குகளைச் சுமந்த 22 ரயில் எஞ்சின்கள் 1961 முதல் ஏறக்குறைய 20 ஆண்டுகள் லண்டனிலிருந்து வடக்கே ஓடின. பாதுகாத்து வைத்திருக்கும் ஒன்றின் சத்தத்தை ஒருமுறை நேரில் கேட்டேன். ஆயிரம் தேனீக்கள் இரும்புப் பீப்பாய்க்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

கே: உலகத்திலேயே பெரிய எஞ்சின் எது? அதன் பக்கத்தில் நின்றால் காது தாங்குமா?

ப: டீசலில் பெயர் பெற்றது வார்ட்சிலா-சுல்சர் ஆர்டி-ஃபிளெக்ஸ்96சி. 2006ல் வந்த எம்மா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பலில் இருப்பது அதன் 14 சிலிண்டர் வகை. உயரம் 13.5 மீட்டர், நீளம் சுமார் 27 மீட்டர், எடை 2,300 டன், ஒரு லட்சத்துக்கு மேல் குதிரைத்திறன். சிலிண்டரின் விட்டம் 96 சென்டிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டரை மீட்டர். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு மட்டும் 1,800 லிட்டருக்கு மேல், 1.2 லிட்டர் கார் எஞ்சின்கள் 1,500ஐ ஒரே குழாயில் கொட்டிய மாதிரி.

கப்பல்களில் நான் வேலை பார்த்தது இதன் சின்னத் தம்பிகளில்தான். அதிலும் காதைக் கிழிப்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணித்தபடி மேலே ஊளையிடும் டர்போசார்ஜர், சிலிண்டர்கள் அல்ல. பெரிய எஞ்சின் நிமிடத்துக்கு 102 சுற்றுதான் சுற்றும். அந்த அடியைக் காதைவிட முதலில் உள்ளங்கால்தான் உணரும். தூங்கும்போது ஒரு சுற்று தப்பினால்கூட எஞ்சினியர் விழித்துக்கொள்வார்.

கிராங்க் சுழலும் கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கிப் பார்ப்பதும் எங்கள் வேலை. டார்ச், ஸ்பேனர் எல்லாவற்றையும் எண்ணி எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வந்ததும் எண்ண வேண்டும். நான் ஜூனியராக இருந்தபோது ஒருமுறை ஒரு ஸ்பேனர் குறைந்தது. கப்பல் புறப்பட நேரமாகிறது. மூன்று மணி நேரம் எண்ணெயில் புரண்டு தேடினோம். கடைசியில் அது என் பாய்லர் சூட்டின் முழங்கால் பையில் இருந்தது. அன்று சீஃப் எஞ்சினியர் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இதை விசித்திர எஞ்சின் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. பெரிசு வேறு, விசித்திரம் வேறு. புகாட்டி வேரான் காரின் 8 லிட்டர், 16 சிலிண்டர் எஞ்சின் 1,001 குதிரைத்திறன் தருகிறது, லிட்டருக்கு 125. நம் ராட்சசன் லிட்டருக்கு நாலு சொச்சம்தான். சோம்பேறி என்று நினைக்காதீர்கள். எரிபொருளின் சக்தியில் பாதியைச் சுழற்சியாக மாற்றிவிடுகிறது. பெரிய ப்ரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் லாபம் என்பதால் கிராங்க் அதோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கும். கியர்பாக்ஸ், கிளட்ச் எதுவும் இல்லை.

அப்படியானால் பின்னால் போக? எஞ்சினையே நிறுத்தி, அழுத்தக் காற்றை அடித்து, எதிர்த்திசையில் கிளப்ப வேண்டும். அழுத்தக் காற்றுக் கலனை மறுபடி நிரப்பாமல் 12 தடவையாவது கிளப்ப முடிய வேண்டும் என்பது விதி. ஒரு துறைமுகத்தில், கப்பலுக்கு வழிகாட்ட ஏறிய பைலட் முன்னே, பின்னே, முன்னே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காற்றழுத்த முள் இறங்கிக்கொண்டே வந்தது. கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்குப் போன் செய்து, "சார், இன்னும் நாலு தடவைதான். அப்புறம் நங்கூரம்தான்" என்றேன். அதற்குப் பிறகு ஒரே தடவையில் கப்பலைக் கரையில் கட்டிவிட்டார்.

கே: என் வீட்டுக்காரர் இரவில் படுத்துக்கொண்டு பழைய கார் எஞ்சின்களின் சத்தத்தைக் கேட்கிறார். இது ஏதாவது வியாதியா?

ப: எந்த எஞ்சின் என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது அம்மா. பிஆர்எம் வி16 என்ற பிரிட்டிஷ் பந்தயக் கார் எஞ்சின் என்றால் அவரை மன்னித்துவிடுங்கள். மொத்தமே ஒன்றரை லிட்டர், அதை 16 சிலிண்டராகப் பிரித்தார்கள். ஒன்று 93 சி.சி.தான்; மோட்டார் சைக்கிள் சிலிண்டரைவிடச் சின்னது. 12,000 சுற்றில் அது வீறிடுவதைக் கேட்டால் உங்களுக்கும் தூக்கம் போய்விடும். 1950ல் சில்வர்ஸ்டோனில் பெரிய எதிர்பார்ப்போடு முதல் பந்தயத்துக்கு வந்தது. கொடி அசைந்தது, சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்மிஷனில் ஏதோ உடைந்து, கார் புறப்பட்ட கோட்டிலேயே நின்றுவிட்டது. பார்வையாளர்கள் அதன்மேல் சில்லறைக் காசை எறிந்தார்கள். சத்தத்துக்காகக் காதலிக்கலாம், ஓட்டுவதற்காக அல்ல. ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுங்கள்.

கே: ரோட்டரி எஞ்சினைத் 'தோற்றுப்போன ஆசை' என்று எழுதினீர்கள். 1991ஐ மறந்துவிட்டீர்களா?

ப: மறக்கவில்லை, எழுதாமல் விட்டேன். குட்டு சரிதான். அந்த ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி நான்கு ரோட்டர் எஞ்சினோடு ஜெயித்தது. பிஸ்டனே இல்லாமல் முக்கோண ரோட்டர் சுழன்று ஓடும் எஞ்சின் 24 மணி நேரம் தாங்கியது பெரிய விஷயம். ஆனாலும் அந்த ரோட்டரின் நுனியில் கசிவைத் தடுக்கும் சீல் தேய்வதும், எண்ணெயையும் பெட்ரோலையும் அது குடிப்பதும் மாறவில்லை. 'தோற்றுப்போன' என்பதை 'அடங்காத' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கே: விமான எஞ்சினைக் காரில் வைத்தால் ஓடுமா ஐயா? பேச்சுக்குத்தான் கேட்கிறேன்.

ப: பேச்சுக்கு என்று சொன்னதால் பதில் சொல்கிறேன். முதல் உலகப்போர் முடிந்ததும் விமான எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. வேகப் பைத்தியங்களுக்குக் கேட்க வேண்டுமா! 27 லிட்டர் லிபர்ட்டி வி12 எஞ்சின் பூட்டிய 'பாப்ஸ்' என்ற காரை பாரி-தாமஸ் என்பவர் 1926 ஏப்ரலில் வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு சுமார் 275 கிலோமீட்டரில் ஓட்டினார். உலக சாதனை. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே மணலில், அதே காரில் இறந்தார். காரை அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். 1969ல் ஒருவர் தோண்டி எடுத்து, வருடக்கணக்காகப் பழுது பார்த்து, மறுபடி கிளப்பினார். எஞ்சின் ஓடும் தம்பி. டயரும் சேசிஸும் பிரேக்கும் அதற்கு ஈடு கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

கே: எந்த எரிபொருளிலும் ஓடும் டர்பைன் கார் ஒன்று வந்ததாமே. ஏன் நின்றுபோனது? (கல்லூரி மாணவர்)

ப: பிஸ்டனுக்குப் பதில், எரிந்த வாயு இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுவதுதான் டர்பைன். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1963 வாக்கில் 50 கார்களைச் செய்து, 200 சொச்சம் குடும்பங்களுக்கு முறைவைத்து ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் குடிக்கும். மெக்சிகோ அதிபர் டெக்கிலா மதுவை ஊற்றி ஓட்டிப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று அன்று எல்லா பெட்ரோல் பங்க்குகளிலும் கிடைத்த ஈயம் கலந்த பெட்ரோல்தான்!

சிக்னலில் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 20,000 சுற்று. நிற்கும்போதும் குடிக்கும். மிதித்தால் ஒரு விநாடிக்கு மேல் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடுகிறவனுக்கு டர்பைன் தோழன். நின்று நின்று போகிறவனுக்கு அல்ல. சோதனை முடிந்ததும் பெரும்பாலானவற்றை நிறுவனமே நொறுக்கிவிட்டது. ஒன்பது கார்கள்தான் மிச்சம். படிப்பு முடிந்ததும் டர்பைன் பக்கம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போங்கள், ஆனால் காருக்கு வேண்டாம்.

கே: அணுசக்தியில் ஓடிய சரக்குக் கப்பல் உண்டா?

ப: உண்டு. 1959ல் நீரில் இறங்கிய அமெரிக்காவின் சவானா. அழகான கப்பல், அழகுக்காகவே சரக்கு இடத்தை இழந்த கப்பல். அணுவைவிட அதைப் படுத்தியது சம்பளத் தகராறு. அணு உலையைப் பார்த்துக்கொண்ட எஞ்சினியர்களுக்குக் கூடுதல் சம்பளம், மேல்தள அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. தகராறு முற்றி, எஞ்சினியர்கள் உலையையே அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

ஜப்பானின் முட்சு 1974ல் முதல் ஓட்டத்திலேயே கதிர்வீச்சைக் கசியவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் போரான் கலந்த சோற்றால் அதை அடைக்கப் பார்த்தார்கள். மீனவர்கள் வாரக்கணக்கில் துறைமுகத்துக்குள் விடவில்லை.

கே: நீங்கள் பார்க்காமல் போனோமே என்று ஏங்கும் எஞ்சின் எது?

ப: டர்பினியா. எல்லோரும் 1897ஐச் சொல்வார்கள்: விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்புக்கு நடுவே சார்லஸ் பார்சன்ஸின் சின்ன நீராவி டர்பைன் படகான டர்பினியா புகுந்து ஓடியது. 34 நாட் (மணிக்கு சுமார் 63 கிலோமீட்டர்) வேகம், விரட்டிய படகுகளால் பிடிக்க முடியவில்லை. அது நாடகம். நான் பார்க்க ஏங்குவது அதற்கு முன் நடந்தது.

முதலில் டர்பினியா படுதோல்வி. டர்பைன் வேகமாகச் சுற்றுகிறது, படகு 20 நாட்டைத் தொட மறுக்கிறது. ப்ரொப்பெல்லரை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. சந்தேகம் வந்து பார்சன்ஸ் ஒரு சின்னத் தொட்டி செய்தார். பக்கத்தில் கண்ணாடி ஜன்னல், உள்ளே இரண்டு அங்குல ப்ரொப்பெல்லர். தண்ணீரைச் சூடாக்கி, அழுத்தத்தைக் குறைத்து, சுழற்சிக்கு ஏற்ப விளக்கை விட்டுவிட்டு ஒளிரவைத்துப் பார்த்தார். இறக்கையைச் சுற்றிக் குமிழிகள்! ப்ரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளவில்லை, தான் உண்டாக்கிய வெற்றிடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் ஒரு தண்டுக்குப் பதில் மூன்று, தண்டுக்கு மூன்றாக ஒன்பது ப்ரொப்பெல்லர்.

அந்த 1895ஆம் ஆண்டுத் தொட்டியின் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் கிடைத்தால் போதும். விளக்கைப் பிடிக்கச் சொன்னால்கூடப் பிடிப்பேன். ஸ்பேனர் மட்டும் என்னிடம் தர வேண்டாம்.