ரோமில் எங்கே, எப்படிச் சாப்பிடுவது?

ரோம் பயணத்துக்குத் தயாராகும் வாசகர்கள் சாப்பாட்டுச் செலவு பற்றிக் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

நாலு பேர் குடும்பமாகப் போகிறோம். தெர்மினி ஸ்டேஷன் பக்கம் ரூம் போட்டாயிற்று. போய்வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் “சாப்பாடு சுமார், பில்தான் பிரமாதம்” என்கிறார்கள். நியாயமான விலையில் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திருச்சி

அவர்கள் எங்கே சாப்பிட்டிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. த்ரேவி நீரூற்று, நவோனா சதுக்கம், பாந்தியோன், வத்திக்கான் மதிலோரம். அங்கே இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியும். கடை வாடகையும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் சமையலில் அக்கறை குறையும், விலை ஏறும். நல்ல கடை அங்கே அறவே இல்லை என்று சொல்லவில்லை. தேடுகிற சிரமத்துக்கு மெட்ரோ ஏறிவிடலாம்.

தெர்மினியிலிருந்து பி லைனில் நாலாவது நிறுத்தம் பிராமிதே. இறங்கி நடந்தால் தெஸ்தாச்சோ. ஊரின் பெரிய கசாப்புக்கூடம் 1975 வரை இங்கேதான் இருந்தது. அங்கு வேலை பார்த்தவர்களின் வீட்டுச் சமையலில் பிறந்தவைதான் ரோமின் குடல், வால், ஈரல் பதார்த்தங்கள். இன்றும் உள்ளூர்க்காரர்கள் சாப்பிட வரும் பேட்டை. அதே லைனில் கார்பத்தெல்லா, சி லைனில் பின்யெத்தோ, சென்த்தோசெல்லே ஆகியவையும் குடியிருப்புப் பகுதிகள், விலை இறங்கும். வத்திக்கான் பார்க்கும் நாளில் பிராத்தி பகுதிக்குள் நடந்துவிடுங்கள். பியாத்சாலே க்ளோதியோவில் நீதிமன்றம் இருப்பதால் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் மதியம் சாப்பிடும் கடைகள் சுற்றிலும் உண்டு. சனி, ஞாயிறில் அந்த மதியச் சாப்பாடு கிடைக்காது.

மேப்பில் ‘ரெஸ்டாரன்ட்’ என்று தேடாதீர்கள். ‘த்ராத்தொரியா’ (trattoria), ‘ஒஸ்தேரியா’ (osteria) என்று இத்தாலிய எழுத்தில் அடித்துத் தேடுங்கள், இரண்டும் எளிய சாப்பாட்டுக் கடைகளின் பெயர். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, இத்தாலிய மொழியில் எழுதியவற்றை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள். சுற்றுலாப் பயணிகள் மட்டுமே எழுதிய 4.8-ஐவிட உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டுக் கொடுத்த 4.2 நம்பகமானது. படங்களில் மெனு அட்டையையும் பில்லையும் தேடிப் பாருங்கள், தேதியோடு.

கடை வாசலில் நின்றும் பார்க்க வேண்டும். விலையுடன் மெனுவை வெளியே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வைக்காத கடைக்குள் நுழையாதீர்கள். ஆறு மொழியில் படம் போட்ட மெனு, வாசலில் கைபிடித்து அழைக்கும் ஆள், பிற்பகல் நாலு மணிக்கும் சுடச்சுடப் பாஸ்தா: மூன்றும் சேர்ந்தால் நகர்ந்துவிடுங்கள். ஒரே தாள், அதில் நாலைந்து பாஸ்தா, வியாழக்கிழமை நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளி மீன், சனி குடல் என்று கிழமைக்கொரு சமையல் எழுதியிருந்தால் அது வாடிக்கைக்காரர்களுக்காகச் சமைக்கும் இடம். கதவில் நத்தைப் படம் போட்ட ஸ்லோ ஃபுட் அமைப்பின் ஸ்டிக்கர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள், பழையதைக் கிழிக்காமல் விடுவார்கள்.

விலைக்கு ஓர் அளவுகோல்: முட்டையும் சீஸும் சேர்த்த கார்போனாரா பாஸ்தா ஒரு தட்டு 11 முதல் 15 யூரோ வரை. சாதாரணக் கடையில் 18-ஐத் தாண்டினால் இடத்துக்குத்தான் காசு. முதலில் பாஸ்தா, பிறகு இறைச்சி, பிறகு காய் என்று முழு வரிசையும் வாங்கத் தேவையில்லை. தலைக்கு ஒரு பாஸ்தா, நடுவில் இரண்டு காய்த் தட்டு என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு பாஸ்தாவை நாலாகப் பங்கு போட்டால் சுளிப்பார்கள். முன்பதிவு இல்லாவிட்டால் மாலை ஏழரைக்கு, கதவு திறந்ததும் போய்விடுங்கள்.

பில்லில் ‘பானே’, ‘செர்வித்ஸியோ’ என்று நாம் கேட்காத வரிகள் வருமாமே. ஏமாற்றா?
– வாசகர், கோயம்புத்தூர்

பானே என்பது ரொட்டி, செர்வித்ஸியோ என்பது பரிமாறும் கட்டணம். இத்தாலியின் மற்ற ஊர்களில் ‘கோபெர்த்தோ’ என்று மேசைக் கட்டணமாகத் தலைக்கு 1.50 முதல் 3 யூரோ வரை வாங்குவார்கள். ரோம் இருக்கும் லாத்சியோ மாநிலம் 2006-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. ஆகவே இங்கே ரொட்டிக் காசாக வருகிறது. ரொட்டி வேண்டாமென்றால் கூடை வந்ததுமே திருப்பிக் கொடுங்கள். ஒரு துண்டு கடித்த பிறகு வாதாட முடியாது. பரிமாறும் கட்டணம் 10–15 சதவீதம் இருக்கலாம், மெனுவில் அச்சிட்டிருந்தால் கொடுத்தாக வேண்டும். அட்டையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் தேடுங்கள். அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை.

உண்மையில் கை சுடுவது மீனில்தான். பெரிய மீனுக்கும் எலும்போடு சுடும் மாட்டிறைச்சிக்கும் மெனுவில் இருப்பது தட்டு விலையல்ல, ‘எத்தோ’ விலை; எத்தோ என்றால் 100 கிராம். 6 யூரோ என்று பார்த்துச் சொல்கிறீர்கள், 800 கிராம் மீன் வருகிறது, பில்லில் 48 யூரோ. சமைக்கும் முன்னே மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். வாயால் சொல்லும் ‘இன்றைய ஸ்பெஷல்’ எதற்கும் ‘குவான்தோ கோஸ்தா?’ என்று விலை கேட்பது அங்கே அநாகரிகம் இல்லை. மெனுவில் ஒரு பதார்த்தத்தின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த பொருள்.

பில்லை நீங்கள்தான் கேட்க வேண்டும், தானாக வராது. முதலில் வரும் துண்டுச் சீட்டில் பல சமயம் கணக்கு மட்டும் இருக்கும். காசு கொடுத்ததும் முறையான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சைவம், முட்டையும் கிடையாது. பத்து நாளும் பீட்சாதானா?
– வாசகி, மயிலாப்பூர்

இல்லை, ஆனால் கவனம் வேண்டும். ரோமின் புகழ்பெற்ற நாலு பாஸ்தாக்களில் கார்போனாரா, அமாத்ரிச்சானா, க்ரீச்சா மூன்றிலும் பன்றிக் கன்னக்கொழுப்பு உண்டு. நாலாவதான காச்சோ எ பேபேயில் பாலாடைக்கட்டியும் மிளகும்தான். ஆனால் அந்தப் பாலாடைக்கட்டியான பெக்கொரீனோ ரொமானோ ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது. பார்மிஜானோ என்ற இன்னொரு சீஸ் கன்றின் நொதியால். இதைப் பொருட்படுத்துபவர்கள் அர்ராபியாத்தா பாஸ்தாவைச் சீஸ் இல்லாமல் கேட்கலாம்: தக்காளி, பூண்டு, மிளகாய். நம் நாக்குக்கும் அதுதான் பொருந்தும். முட்டைக்காக இன்னொரு விவரம்: ஃபெத்துச்சீனே போன்ற புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், காய்ந்த ஸ்பகெத்தி, பென்னே, ரிகத்தோனியில் பொதுவாக இருக்காது.

பார்த்தால் சைவமாகத் தெரிகிறவைதான் ஆபத்து. பூசணிப்பூ வறுவலுக்குள் நெத்திலி இருக்கும். புன்தரெல்லே கீரை சாலட்டில் நெத்திலி அரைத்த சாறு. கொண்டைக்கடலை பாஸ்தாவிலும் சேர்ப்பதுண்டு. சுப்ளி என்ற சோற்று உருண்டையில் வழக்கமாக இறைச்சிக் குழம்பு. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீனும் பன்றித் துணுக்கும் வரலாம். ஆகவே ‘சென்ஸா கார்னே, சென்ஸா ப்ரொஷூத்தோ, சென்ஸா பெஷே, சென்ஸா அலீச்சி, சென்ஸா உவோவா’ (senza carne, senza prosciutto, senza pesce, senza alici, senza uova; இறைச்சி, பன்றித்தொடை, மீன், நெத்திலி, முட்டை இல்லாமல்) என்று ஐந்தையும் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை: பூண்டு, மிளகாயோடு எண்ணெயில் புரட்டிய சிக்கோரியா கீரை, சீஸே இல்லாத மரினாரா பீட்சா, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூனைப்பூ (ஆர்ட்டிசோக்). கூனைப்பூவை ரோமானா என்றால் புதினா வகை இலையோடு வேகவைத்தது, ஜூதியா என்றால் யூதர் பாணியில் முழுதாகப் பொரித்தது. இரண்டையும் விட்டுவிட்டு வராதீர்கள். சோறு ஏங்கினால் பியாத்சா வித்தோரியோ சுற்றுவட்டாரத்தில் இந்திய, வங்காளதேசக் கடைகள் இருக்கின்றன.

மதியச் சாப்பாட்டைத் தலைக்கு 10 யூரோவுக்குள் முடிக்க வழி உண்டா?
– மாணவர், மதுரை

உண்டு. ‘பீட்சா அல் தாலியோ’ கடையில் பீட்சாவை எடைபோட்டு விற்பார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் அளவு காட்டினால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். 250 கிராம் ஒருவருக்குப் போதும். பலகையில் இருப்பது கிலோ விலையா, எத்தோ விலையா என்று பாருங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி வகைகள் மலிவு. வறுவலும் இறைச்சியும் மேலே ஏற ஏற விலை ஏறும். மதியம் ஒரு மணி வாக்கில் போனால் தட்டு தட்டாக அடுப்பிலிருந்து வரும். நாலு மணிக்குப் போனால் ஆறியதைச் சூடாக்கித் தருவார்கள்.

‘தாவோலா கால்தா’ என்றால் கண்ணாடிக்குப் பின்னே சமைத்து வைத்திருப்பதைக் காட்டி வாங்கும் இடம். அங்கும் பன்னிரண்டரைக்குப் போனால்தான் ருசி. தெஸ்தாச்சோ சந்தையிலும், வத்திக்கான் மியூசியத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள த்ரியொன்ஃபாலே சந்தையிலும் சாண்ட்விச்சும் பழமும் கிடைக்கும். ஞாயிறு விடுமுறை, மற்ற நாளில் பிற்பகல் இரண்டுக்கு மேல் நம்ப வேண்டாம்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். அதே காபி மேசையில் உட்கார்ந்தால் இரண்டு, மூன்று மடங்கு ஆகலாம். பல பார்களில் (அங்கே காபிக்கடைக்கும் பார் என்றே பெயர்) முதலில் கல்லாவில் காசு கொடுத்து, சீட்டோடு கவுண்டருக்கு வர வேண்டும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவெங்கும் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்கள், குடிநீர், இலவசம். வளைந்த வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளை வழியாக நீர் பீறிடும், வாய் வைத்துக் குடிக்கலாம்.

ஆகஸ்டில் போனால்?
– வாசகர், கொழும்பு

ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களில் குடும்பமாக நடத்தும் நல்ல த்ராத்தொரியாக்கள் பல மூடிக்கிடக்கும். மேப்பில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் நம்பாதீர்கள், முதல் நாள் போன் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் சுற்றுலாக் கடைகள்தான் திறந்திருக்கும். தேதியை மாற்ற முடிந்தால் செப்டம்பர் பாதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.