பெயர் கொடுத்தவர்கள் 80, வந்தவர்கள் 28

கேள்வி: பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள மீனவக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊர் இளைஞர் மன்றமும் மகளிர் குழுவும் சேர்ந்து, சென்ற ஆண்டு செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலையில் கடற்கரைத் தூய்மைப் பணி நடத்தினோம். வாட்ஸ்அப் குழுவில் 80 பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் 28 பேர். சிறப்பு விருந்தினர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவர் வந்து படம் எடுத்து முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஊரில் பெரும்பாலானோர் இராமேசுவரம் விசைப்படகுகளில் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. இந்த ஆண்டு ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் கூட்டம் சேரும் என்று மன்றத்தில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதற்கும் குரலை உயர்த்தி எல்லோரையும் விரட்டும் மூத்த உறுப்பினர் ஒருவரும் இருக்கிறார். அவரை விலக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அந்த 80 பேரில் யாருக்கு என்ன வேலை என்பது மட்டும் எங்கும் இல்லை. உங்களுக்கு ஆள் பஞ்சம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வந்த ஆளுக்கு வேலை ஆயத்தமாக இல்லை என்றுதான் தோன்றுகிறது. குழுவில் பெயர் கொடுப்பவர் ஒரு நல்ல காரியத்துக்குத் தலையசைக்கிறார், அவ்வளவுதான். சனிக்கிழமை ஆறு மணிக்கு இன்ன இடத்தில் நின்று இன்ன வேலையைச் செய்வதாக அவர் வாக்குக் கொடுத்துவிடவில்லை.

உங்கள் கரையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது, அந்த வழியாகப் போகிறவர்கூடக் கயிற்றில் கை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவரை யாரும் மேடை போட்டு அழைக்கவில்லை. கயிறு கண் முன்னே கிடக்கிறது; எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிகிறது; எப்போது இழுக்க வேண்டும் என்பதை வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு சொல்லிவிடுகிறது; வலை கரையேறியதும் கறிக்கு நாலு மீன் கையில் வருகிறது. வேலை, இடம், நேரம், மரியாதை ஆகிய நான்கும் கேட்காமலே விளங்கிவிடுவதால் கை தானாகப் போகிறது. சென்ற ஆண்டு உங்கள் கரைக்கு வந்த 28 பேருக்கும் இவற்றில் ஒன்றுகூட விளங்கியிருக்காது. ஒன்றரை மணி நேரம் சும்மா நின்ற பிறகும் பாதிப் பேர் தங்கினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நாளிலிருந்து தொடங்குவோம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை என்பது உலகெங்கும் கடற்கரைத் தூய்மைக்கென்று வைத்துக்கொண்ட நாள். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய வழக்கம் அது. அந்த நாளை வகுத்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு பெற்றுக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கடலுக்குப் போகும் இராமேசுவரத்தின் டோக்கன் முறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் விசைப்படகுகள் காலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் கரை திரும்பும் ஊரில், சனிக்கிழமை காலையில் மீனவர்கள் வரவில்லை என்று வருந்துவது, பள்ளி நடக்கும் நேரத்தில் ஆசிரியர்கள் திருமணத்துக்கு வரவில்லை என்று வருந்துவதைப் போன்றது. சரி, ஞாயிறு காலை வைக்கலாம் என்றால், அது மீன் இறக்கும் நேரம். பெண்களுக்கு ஏலக்கூடத்தில் வேலை, மற்றவர்களுக்குக் கோயிலில் திருப்பலி. ஆகவே உங்கள் ஊருக்கு ஏற்ற நேரம் ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை என்பது என் கருத்து. கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்கி எழுந்திருப்பார்கள், வெயிலும் தாழ்ந்திருக்கும். உலகக் கணக்கில் ஒரு நாள் பிந்துவதால் குப்பை கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தேதியை உறுதி செய்யும் முன்பு மகாளய அமாவாசை எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். சில ஆண்டுகளில் அது இதே வாரத்தில் வந்து, பாம்பன் சாலைப் பாலம் முழுவதும் வண்டிகள் நின்றுவிடும். வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8-இல் முடிந்து, நடைப்பயணம் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு ஆள் கேட்கத் தொடங்குவதும் நல்லது.

இனி, கேட்கும் முறை. குழுவில் போடும் பொது அழைப்பு செய்தி சொல்வதற்குப் போதும். ஆள் சேர்ப்பதற்குப் போதாது. கடைசிவரை நின்ற அந்த 14 பேர்தான் உங்கள் மூலதனம். அவர்களை ஒரு மாலை தேநீருக்கு அழைத்து, சென்ற ஆண்டு எது சரியில்லை என்று கேளுங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு பகுதியைப் பொறுப்பாகக் கொடுத்து, ஒவ்வொருவரும் ஐந்து பேரை நேரில் போய்க் கேட்கட்டும். கேட்கும்போது வேலையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். “வந்து உதவுங்கள்” என்றால் “பார்க்கலாம்” என்ற பதில்தான் வரும். “மண்ணில் புதைந்த வலையை அறுத்தெடுக்க உங்களைப்போல் கத்தி பிடிக்கத் தெரிந்தவர் நான்கு பேர் வேண்டும், நான்கு மணிக்கு ஐஸ் பிளான்ட் பக்கம் வந்துவிடுங்கள், ஆறு மணிக்கு விட்டுவிடுகிறோம்” என்றால், வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ தெளிவான பதில் வரும். வரவில்லை என்று முன்கூட்டியே சொல்பவரும் உங்களுக்கு உதவியே செய்கிறார். முடியும் நேரத்தைச் சொல்வது, தொடங்கும் நேரத்தைச் சொல்வதைவிட முக்கியம்.

கடற்பாசி எடுக்கும் பெண்களை மறந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் வலை சிக்கியிருக்கிறது, எங்கே கண்ணாடி கிடக்கிறது என்பது அவர்களைவிட வேறு யாருக்கும் தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்கள் கடலில் இருப்பார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தோடு இருப்பார்கள். இரண்டும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதன் தொடக்க நாளான செப்டம்பர் 24-உம் அருகில்தான் வருகிறது. திட்ட அலுவலருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்தால் முப்பது, நாற்பது பேர் ஒரே வண்டியில் வந்து இறங்குவார்கள். ஆனால் அவர்கள் சான்றிதழுக்காக வருகிறவர்கள் என்று ஏளனமாக எண்ண வேண்டாம். வந்து வேலை செய்தவருக்கு அதற்கான தாளைக் கையில் கொடுப்பது நியாயம்தானே. பாம்பனில் இயங்கும் கடல் ஓசை சமூக வானொலியில் அறிவிப்புச் செய்யக் கேட்டுப் பாருங்கள். மீனவர்கள் கேட்கும் வானொலி அது.

வேலையை எப்படிப் பங்கிடுவது என்பதில் நான் பட்ட ஒரு தோல்வியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஏர்வாடிச் சந்தனக்கூட்டு விழாவில் நீர்ப்பந்தல் ஒன்றுக்கு நான் பொறுப்பேற்றிருந்தேன். நாற்பது பேரைச் சேர்த்துவிட்டேன் என்ற பெருமை எனக்கு. நாற்பது பேரும் மாலையில் ஒன்றாக வந்தார்கள். நள்ளிரவுவரை ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். விடியற்காலையில் சந்தனக்கூடு வந்து சேர்ந்து கூட்டம் பெருகியபோது, பந்தலில் நானும் இன்னும் மூன்று பேரும்தான் இருந்தோம். மற்றவர்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மீது தவறில்லை. யார் எப்போது வர வேண்டும், யார் எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுவதற்கு முன்னால், எந்த நேரத்தில் எத்தனை பேர் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வேன்.

நீங்களும் அந்த 14 பேரில் இருவரை அழைத்துக்கொண்டு, ஒரு வாரம் முன்பே கரையை நடந்து பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய தூரத்தை மட்டும் எடுத்து, அடையாளக் கம்பு நட்டுப் பகுதி பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர் ஒருவரும் எட்டு முதல் பத்துப் பேரும் போதும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று முழுவதும் அடங்காத மாதம் அது. தென்கடல் அலை குப்பையைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மெல்லிய பிளாஸ்டிக் பை காற்றில் நிற்காது. உரச்சாக்கு சேகரித்து வையுங்கள், ஒரு சாக்குக்கு இருவர் என்று இணைத்துவிடுங்கள். ஒருவர் வாயைப் பிடிக்க மற்றவர் போடட்டும். இதனால் சாக்கு பறக்காது என்பது ஒருபுறம் இருக்க, துணை நிற்கிறவரை விட்டுவிட்டு நடுவில் கிளம்ப யாருக்கும் கால் வராது. குனிய முடியாத முதியவர்களுக்கும் வேலை இருக்கிறது. டெக்சாஸில் தொடக்க ஆண்டிலேயே, பொறுக்கிய பொருளை வகைவாரியாக அட்டையில் குறித்தார்கள். வலைத்துண்டு எத்தனை, பாட்டில் எத்தனை, செருப்பு எத்தனை என்று எழுதும் வேலையை அவர்களிடம் நாற்காலி போட்டுக் கொடுங்கள். சேர்ந்த சாக்குகள் எந்த வண்டியில் எங்கே போகும் என்பதை ஊராட்சியோடு பேசி முடித்த பிறகே தேதியை அறிவியுங்கள். கரையில் இரண்டு நாள் கிடக்கும் சாக்கு, அடுத்த ஆண்டு வரவேண்டிய ஆளையும் விரட்டிவிடும்.

தொடங்கும் முன்பு பத்து நிமிடம் எல்லோரையும் நிறுத்திச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். திருக்கை முள், சொறி (ஜெல்லி மீன்), தூண்டில் முள், ஊசி ஆகியவற்றைக் கையால் தொடக் கூடாது. முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, 108-ஐ அழைப்பது யார் பொறுப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும், அவர்கள் அலை படும் இடத்துக்குப் போகக் கூடாது. கரையில் ஒதுங்கும் பவளத் துண்டு அழகாக இருக்கிறதென்று வெளியூர் மாணவர் யாராவது பையில் போட்டுக்கொள்வார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். உற்சாகமான இளைஞர் ஒருவர், வள்ளத்தில் ஏறிக் குருசடைத் தீவையும் சுத்தம் செய்துவிடலாம் என்பார். அது 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது.

சிறப்பு விருந்தினரை அழைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். சாக்குகள் அடுக்கி வைக்கப்பட்டு, கணக்கு எழுதி முடிந்த பிறகு வந்தால் அவருக்கும் பார்க்க ஏதாவது இருக்கும். அவர் தாமதித்தாலும் வேலை நின்றுவிடாது.

200 ரூபாய் பற்றி உங்கள் மனம் ஒப்பாதது சரியே. பணத்தை வைத்ததும் அது கூலியாகிவிடும். கூலி என்று பார்த்தால் 200 குறைவு. நூறு நாள் வேலைக்கே அதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருக்கிறார்கள். மேலும், அடுத்த ஆண்டு பணம் இல்லையென்றால் இந்த ஆண்டு வந்தவரும் வரமாட்டார். ஆனால் தன்னார்வலர் என்பதற்காக அவர் கைக்காசைச் செலவழிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வெளியூரிலிருந்து வருவோருக்குப் பேருந்துக் கட்டணம், எல்லோருக்கும் கையுறை, குடிநீர், மோர், முடிந்ததும் சுண்டலும் தேநீரும் என்று அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். கரைவலையின் கறிமீன் அதுதான். டிராக்டர் ஓட்டுபவருக்கும் சமைப்பவருக்கும் உரிய கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். ஊராட்சியின் தூய்மைக் காவலர்களை ஞாயிற்றுக்கிழமை சேவை என்ற பெயரில் சும்மா வேலை வாங்காதீர்கள். வாரம் முழுவதும் அதே கரையைக் கூட்டுகிறவர்கள் அவர்கள்.

மூத்த உறுப்பினர் பற்றிய கேள்விதான் கடினமானது. எல்லை வகுக்கப்படாத இடத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் எல்லோருக்கும் மேலாளர் ஆகிவிடுகிறார்கள். பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் என்று எழுதிப் படித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு, அவருடைய குரலுக்கே ஒரு வேலை கொடுங்கள்: தென்கடல் இரைச்சலிலும் கேட்கும்படி கத்திப் பிள்ளைகளை அலைப்பக்கம் போகவிடாமல் காப்பதற்கும், கரைக்கு வரும் வண்டிகளை ஒழுங்குபடுத்துவதற்கும் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். அன்று அவர் யாரையேனும் கடிந்துகொண்டால் கூட்டத்தில் திருத்தாதீர்கள், மறுநாள் தனியாகச் சொல்லுங்கள். பெண்களையோ பிள்ளைகளையோ இழிவாகப் பேசினால் மட்டும் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இந்தப் பொறுப்பைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போகும்போது, அவர் மதிக்கும் சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பேச்சைத் தொடங்குவது சம்மாட்டியாகவும், வேலையைச் சொல்வது நீங்களாகவும் இருக்கட்டும்.