அலிகான்டே வீட்டுக்கு ஸ்பெயினில் வங்கிக் கணக்கு

வணக்கம். ஜெர்மனியில் வசிக்கும் உங்களுக்கு அலிகான்டேயில் வீடு இருந்தும், ஸ்பெயினில் குடியிருக்கவில்லை என்று சொல்லி வங்கி கணக்கு தர மறுத்தது சரியில்லை. விட்டுவிடாதீர்கள், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவர் அதன் எந்த நாட்டிலும் அடிப்படைக் கணக்கு கேட்கலாம் என்பது 2014-இல் வந்த விதி. ஸ்பெயினில் அதற்கு 'குவென்டா டே பாகோ பாசிகா' என்று பெயர். வாய்ப்பேச்சாகக் கேட்காமல், இந்தப் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். முழு விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். கணக்கு வேண்டுமானால் காப்பீடும் எடுங்கள் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அப்படி நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை இல்லை.

பாஸ்போர்ட், என்ஐஇ எண் (ஸ்பெயின் வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்), வீட்டுப் பத்திரம், ஜெர்மன் வரி எண், வருமானச் சான்று எல்லாம் எடுத்துப் போங்கள். ஸ்பெயினில் குடியிருக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்றையும் சில கிளைகளில் கேட்பார்கள்.

அப்புறம், மின்சாரம், தண்ணீர் கட்டணத்துக்கு மட்டும்தான் என்றால் புதுக் கணக்கே தேவைப்படாமல் போகலாம். உங்கள் ஜெர்மன் கணக்கின் ஐபான் எண்ணை (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கொடுங்கள். யூரோவில் நேரடிப் பற்றுக்கு (கட்டணத்தை நிறுவனமே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வதற்கு) ஸ்பெயின் கணக்குதான் வேண்டும் என்று நிறுவனங்கள் வற்புறுத்துவதை யூரோ பணப் பரிமாற்றத்துக்கான ஐரோப்பிய ஒன்றிய விதியான 2012-ஆம் ஆண்டின் செபா ஒழுங்குமுறை தடுக்கிறது. முதலில் இதை முயன்று பாருங்கள்.