கேள்வி: இளம் விவசாயிகள வேற ஊருக்குப் பரிமாற்றப் பயணம்னு கூட்டிட்டுப் போறாங்களே, அதுல உண்மையா ஏதாவது கத்துக்க முடியுமா, இல்ல வெறும் ஊர் சுத்தலா?

கத்துக்கலாம் தம்பி. ஆனா அவங்களும் நம்ம ஊருக்குத் திரும்பி வந்தாதான்.

நீங்க அநேகமா ஏதோ இளைஞர் சங்கத்துல பேரக் குடுத்துட்டு, ரெண்டு நாள் தோட்டத்த யார் பாத்துக்குவா, பஸ் காசு தண்டமான்னு யோசிச்சிட்டு இருப்பீங்க. நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம். மிளகா போடுறேன், பையில தேங்கா நார்த்தூள் நிரப்பி சொட்டுக்குழாய்ல உரத்தண்ணி விடுற ஃபெர்ட்டிகேஷன் முறை. எங்க ஏரியா பையனுங்க கொஞ்ச பேரும் சிலாங்கூர் மாநிலத்து செக்கிஞ்சான்ல நெல்லு போடுற சீனப் பையனுங்களும் மாத்தி மாத்தி போய்த் தங்கினோம். "மிளகாக்காரனுக்கு நெல்லு வயல்ல என்னடா வேலை"ன்னு கமெண்ட் போட ரெடியா இருக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க, வரேன்.

அங்க போன மொத நாள் டீசர்ட், பேனர், யாரோ பெரிய மனுசன் வர்ற வரைக்கும் வெயில்ல நிக்கிறது, அத விடுங்க. அடுத்த நாள்தான் வயல்ல இறங்குனோம். பெர்னாம் ஆத்துத் தண்ணி வாய்க்கால்ல வருது, வருஷத்துக்கு ரெண்டு போகம், எந்தப் பகுதிக்கு எப்ப தண்ணின்னு அட்டவணை இருக்கு, அதனால அக்கம்பக்கத்து வயக்காரங்க எல்லாம் ஏறக்குறைய ஒண்ணா விதைச்சு ஒண்ணா அறுக்கிறாங்க, அறுத்து முடிச்சா பூச்சிக்கும் எலிக்கும் திங்க ஒண்ணும் இல்லாம ஒரு இடைவெளி விழுது. எவனாவது ஒருத்தன் பிந்தி விதைச்சான்னா சுத்துப்பட்டு எலி பூரா அவன் வயல்லதான். கேட்டுக்கிட்டோம், மீன் சாப்பிட்டோம், பஸ் ஏறிட்டோம். அப்ப அது அவங்க நெல்லு சமாச்சாரமாதான் தெரிஞ்சது.

அப்புறம் அவங்க இங்க வந்தாங்க. வீட்டுக்கு ரெண்டு பேரா தங்க வச்சோம், அம்மா கோழிப் பிரட்டல் வச்சாங்க, பேச்செல்லாம் மலாய்லதான். அதுல ஒரு பையன் என் மிளகாத் துண்டு நிலத்த, அதான் பிளாட்ட, பாத்துட்டு பக்கத்து பிளாட்டுக்குப் போனான். அங்க ஒரு அண்ணே பழைய மிளகாச் செடிய வச்சிருந்தாரு, இலையெல்லாம் சுருண்டு மஞ்சளாகி. "இத ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டான். "காய் குடுக்குதுல்ல, இருக்கட்டும்லா"ன்னாரு அண்ணே. பையன் ஒரு இலையத் திருப்பினான், வெள்ளை ஈ குபுக்குன்னு பறந்துச்சு. ஒண்ணும் பேசல, திரும்பி என் புது மிளகா நாத்தப் பாத்தான். எனக்கு அப்பதான் செக்கிஞ்சான் அட்டவணை ஞாபகம் வந்துச்சு. இலைச்சுருட்டு வைரஸ வெள்ளை ஈதான் தூக்கிட்டு வரும், வந்துட்டா மருந்தே கிடையாது. எங்க வரிசையில எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு நட்டதால வருஷம் பூரா எங்கயாவது ஒரு பழைய செடி இருந்துக்கிட்டே இருந்துச்சு.

அவங்க போனதும் ரோட்டோர ஒட்டுக்கடையில உக்காந்து பேசினோம், பெரிய சண்டை. எல்லாரும் ஒண்ணா நட்டா எல்லாரும் ஒண்ணா பறிப்போம், விலை படுத்துடும்னு அண்ணே சொன்னாரு, அதுல நியாயம் இருக்கு. நெல்லுக்கு அரசாங்கம் கொறைஞ்சபட்ச விலை வச்சிருக்கு, 2024 பட்ஜெட்ல டன்னுக்கு 1,200 வெள்ளிய (ரிங்கிட்) 1,300 ஆக்கினாங்க. மிளகாக்கு யாரு இருக்கா, காலையில மிளகா வாங்க வர்ற லோரிக்காரன் சொல்றதுதான் விலை. கடைசியில ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம்னு பிரிச்சு, ரெண்டு கூட்டமும் வேற வேற நேரத்துல நடுறது, ஒரு பக்கத்துல பழசு எல்லாத்தையும் புடுங்கி அழிச்சு கொஞ்ச நாள் காலியா விட்டுட்டுதான் புது நாத்துன்னு முடிவாச்சு. நான் விவசாய ஆபீசர் இல்ல, என் பிளாட்டுல பாத்தத சொல்றேன். இலைச்சுருட்டு முழுசா போகல, ஆனா நட்ட மொத மாசத்துலயே செடி குட்டையாப் போறது நல்லா கொறைஞ்சிருச்சு.

இன்னொரு பையன் ஏன் இரும்புத் தூண் போட்டு வலைவீடு கட்டலன்னு கேட்டான். என்னத்தச் சொல்ல. அவன் நிலத்துக்கு தாத்தா காலத்து கிராண்ட், அதான் நிலப் பட்டா, இருக்கு. எங்க நிலம் டி.ஓ.எல், வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக அனுமதி, அதுல எவன் இரும்பு நடுவான்? இத்தனைக்கும் பெரிய ரப்பர் தோட்டங்கள துண்டு போட்டு வித்த காலத்துல, தொழிலாளிங்களே காசு சேத்து வாங்கணும்னு 1960ல தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்ச துன் சம்பந்தன், அமைச்சரா இருந்தவரு, எங்க ஊர்க்காரர்தான்.

அம்மா லயத்துக்கு, அதான் தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசைக்குப் பின்னாடி மாடு வச்சிருந்தாங்க, தோட்டம் கைமாறினதும் புது நிர்வாகம் எல்லாத்தையும் வித்துடச் சொல்லிட்டாங்க, எண்ணெய்க்கு நடுற செம்பனையோட இளங்கன்ன மாடு மேயுதாம். வளந்த செம்பனைக்குள்ள மாடு மேஞ்சா புல்லு கொறையும், களைக்கொல்லிச் செலவு மிச்சம், இத ஆராய்ச்சிக்காரங்களே சொல்றாங்க. இதுக்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, வயிறு எரியுது, சொல்றேன்.

நீங்க சங்கத்துல ஒண்ணே ஒண்ணு கேளுங்க, அவங்க நம்ம ஊருக்கு எப்ப வராங்கன்னு. தேதி சொன்னா கண்ண மூடிட்டு போங்க. "அப்புறம் பாக்கலாம்லா"ன்னாங்கன்னா பஸ் காச எடுத்து உரத்தண்ணியோட புளிப்ப அளக்க ஒரு பி.எச் மீட்டர் வாங்கிடுங்க.