தம்பியைப் புத்தகத்தில் தேடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கொஞ்ச காலமாக உளவியல் புத்தகங்களை விடாமல் படித்து வருகிறேன். என் தம்பி இன்ஜினீயரிங் முடித்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு கம்பெனிகள் ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு, சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் கைவிரித்துவிட்டன. இப்போது அவன் எதற்கும் விண்ணப்பிப்பதில்லை. பகலில் தூக்கம், இரவெல்லாம் போன். மன உறுதியைப் பற்றி ஒன்று, இனிப்புக்காகக் காத்திருந்த குழந்தைகளைப் பற்றி ஒன்று என்று இரண்டு புத்தகங்கள் படித்தேன். இரண்டுமே அவனைப் பார்த்து எழுதியவை போல இருந்தன. சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொறுமை கிடையாது. "உனக்கு செல்ஃப் கன்ட்ரோல் இல்லடா, அதான் பிரச்சினை" என்று புத்தகத்தைக் காட்டியே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அப்பாவோ, "மனசைப் புரிஞ்சுக்கணும்னா கதை படி, இதெல்லாம் எதுக்கு" என்கிறார். இந்த வகைப் புத்தகங்களால் பயன் உண்டா? எதைப் படிக்கலாம்? தம்பிக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயன் உண்டு. படிப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் நீங்கள் நம்பிய அந்த இரண்டு விஷயங்களுக்குமான ஆதாரம் இன்றைக்கு நிறையவே ஆட்டம் கண்டிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தம்பி மேல் நீங்கள் சொன்ன தீர்ப்பு அதை நம்பிச் சொன்னதுதான்.

குழந்தைகள் கதையை எடுத்துக்கொள்வோம். 1960-களின் கடைசியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் செய்த பரிசோதனை அது. தட்டில் ஒரு இனிப்பு இருக்கும். இப்போதே சாப்பிட்டால் ஒன்று. ஆசிரியர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு. அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் தேர்வுகளில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள் என்று பிறகு ஒரு கட்டுரை வந்தது. அதைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. நாலு வயதில் பொறுமை இல்லாத பிள்ளை பெரியவனானால் உருப்படாது என்ற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டுப் பிள்ளைகள். 2018-இல், பல வகையான குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை வைத்து வேறு ஆய்வாளர்கள் இதைச் சரிபார்த்தார்கள். தொடர்பு இருந்தது, ஆனால் முன்பு சொன்னதில் பாதிதான். குடும்பச் சூழ்நிலை, குழந்தையின் ஆரம்பகால அறிவுத்திறன் இரண்டையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு ஆய்வு, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-இல் அச்சில் வந்தது. இனிப்பை வைப்பதற்கு முன்னால் குழந்தைகளுக்குப் படம் வரையும் வேலை கொடுத்தார்கள். தேய்ந்துபோன கிரேயான்கள். "இரு, நல்லதாகக் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிப் போன பெரியவர் பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். மீதிக் குழந்தைகளிடம் "மன்னித்துவிடு, எங்களிடம் இல்லை" என்று வெறுங்கையோடு திரும்பினார். ஸ்டிக்கர் தருவதாகச் சொல்லி மறுபடியும் அதே மாதிரி. அப்புறம்தான் இனிப்பு வந்தது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம்.

இரண்டு முறை வாக்குக் கொடுத்துக் கைவிடப்பட்ட பிள்ளை மூன்றாவது முறை காத்திருக்கவில்லை. இப்போது உங்கள் கடிதத்தில் தம்பியின் இரண்டு ஆஃபர் லெட்டர்களைப் பற்றி எழுதிய வரியை இன்னொரு முறை படியுங்கள்.

இதுவும் 28 குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். இதைப் பிடித்துக்கொண்டு தம்பிக்கு வேறொரு முத்திரை குத்திவிட வேண்டாம். ஆனால் அவர் விண்ணப்பிக்காமல் இருப்பதற்குக் குணத்தைத் தவிர வேறு காரணமும் இருக்க முடியும் என்பதையாவது இது யோசிக்க வைக்கும். மிஷெல் அவர்களுக்கும் இது உடன்பாடான கருத்துதான். மனிதர் நடந்துகொள்ளும் விதத்தைக் குணம் மட்டுமே தீர்மானிப்பதில்லை, சூழ்நிலைக்கும் பெரும் பங்கு உண்டு என்று 1968-லேயே தனிப் புத்தகம் எழுதியவர் அவர்.

மன உறுதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்பது அந்த வகைப் புத்தகங்களின் மையக் கருத்து. 1998-இல், பிஸ்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முள்ளங்கி தின்னச் சொன்ன பரிசோதனையில் தொடங்கியது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000-க்கும் அதிகமானவர்களை வைத்து, அந்தக் கருத்தைச் சோதித்தபோது கிட்டத்தட்ட எந்த விளைவும் தெரியவில்லை. இது தனிப்பட்ட ஒரு விபத்தும் இல்லை. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, முன்பு வந்த முடிவு சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் மறுபடியும் வந்தது. உளவியல் தன் தவறுகளைத் தானே தேடித் திருத்திக்கொண்டிருக்கிறது என்று இதை நான் மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் கடையில் இருக்கும் புத்தகம் அச்சான நாளிலேயே நின்றுவிடுகிறது. அதனால் ஒரு ஆய்வைப் படித்து வியக்கும்போதெல்லாம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள், யாரை வைத்து, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா?

இதெல்லாம் சரி, ஆய்வு உறுதியாகவே இருந்தால் அதை வீட்டு மனிதர் மேல் பொருத்தலாமா? இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறோம். இதற்கு நான் அறிந்த சிறந்த பதில், பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் 2011-இல் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' புத்தகத்தில் இருக்கிறது. அவர் எடுத்துச் சொல்வது இரண்டு ஆய்வுகளை.

முதலாவது நியூயார்க்கில் நடந்தது. ஆட்கள் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து மைக் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். திடீரென்று ஒருவர் வலிப்பு வந்தது போலத் திணறி உதவி கேட்கிறார். அது ஏற்பாடு செய்த நாடகம். கேட்டுக்கொண்டிருந்த 15 பேரில் உடனே எழுந்து ஓடியவர்கள் 4 பேர்தான். 6 பேர் கடைசிவரை அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. மற்றவர்களும் கேட்டிருப்பார்கள், யாராவது போவார்கள் என்ற நினைப்பு.

பிறகு மிஷிகன் பல்கலைக்கழகத்தில் நிஸ்பெட், போர்கிடா என்ற இருவர், இந்த ஆய்வை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு, அதில் கலந்துகொண்டவர்கள் என்று இரண்டு பேரின் வீடியோ பேட்டியைக் காட்டினார்கள். பார்த்தால் நல்லவர்களாகத் தெரியும் சாதாரண ஆட்கள். "இவர்கள் உதவ ஓடியிருப்பார்களா?" முடிவு தெரிந்த மாணவர்களும் தெரியாத மாணவர்களும் ஒரே பதில் சொன்னார்கள்: உடனே ஓடியிருப்பார்கள். பெரும்பாலோர் ஓடவில்லை என்ற எண்ணிக்கையைக் கற்றுக்கொண்டும், முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோனது. இன்னொரு வகுப்பில் எண்ணிக்கையைச் சொல்லாமல், இந்த இரண்டு பேரும் உதவவில்லை என்பதை மட்டும் சொன்னார்கள். அந்த மாணவர்கள் உடனே, அப்படியானால் இந்த நிலையில் யாரும் சுலபமாக ஓட மாட்டார்கள் போலிருக்கிறது என்று சரியாகக் கணித்தார்கள்.

கானமன் இதிலிருந்து எடுக்கும் முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பொதுவாக மனிதர்களைப் பற்றி ஆச்சரியமான தகவல்களைக் கேட்பதால் நாம் மாறுவது குறைவு. நம்முடைய சொந்த நடத்தையில் நாமே எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடிக்கும்போதுதான் உண்மையில் கற்றுக்கொள்கிறோம் என்கிறார். வாழ்நாள் முழுக்க இதே துறையில் இருந்தவர் சொல்கிறார்.

ஆகவே புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்புங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் இது இன்னும் எளிது. ஒரு வேலை முடிய எவ்வளவு நாளாகும் என்பதை எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பதும் அதே புத்தகத்தில் வருகிறது. கானமன் இருந்த ஒரு பாடநூல் குழுவே இரண்டு வருடத்தில் முடியும் என்று நினைத்த வேலையை எட்டு வருடம் செய்தது. அடுத்த மாதக் கணக்கை முடிக்க எத்தனை நாளாகும் என்று முதல் தேதியே எழுதி வையுங்கள். முடிந்த நாளையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் இப்படி எழுதினால், மனம் எப்படி ஏமாற்றுகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

'சின்ன வயதிலிருந்தே பொறுமை கிடையாது' என்று எழுதியிருந்தீர்கள். இதையும் உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். 1974-இல் எலிசபெத் லோஃப்டஸ் என்ற உளவியலாளர் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டார். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனால் படம் பார்த்த அன்றைக்கு 'மோதி நொறுங்கியபோது' என்ற சொல்லால் கேள்வி கேட்கப்பட்டவர்களில் 50-க்கு 16 பேர் கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். மென்மையான சொல்லைக் கேட்டவர்களில் 7 பேர்தான். ஒரு சொல் நினைவையே திருத்துகிறது என்றால், 'செல்ஃப் கன்ட்ரோல் இல்லாதவன்' என்ற சொல்லோடு பின்னோக்கிப் பார்க்கும் அக்காவுக்குத் தம்பியின் சிறுவயதில் என்னென்ன தெரியும்? அவர் பொறுமையாக உட்கார்ந்து செய்த காரியங்களையும் தேடிப் பாருங்கள். அம்மாவைக் கேளுங்கள், கட்டாயம் நாலு சொல்வார்.

அப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. நல்ல இலக்கியம் படித்தால் பிறர் மனதை அறியும் திறன் உடனே கூடுகிறது என்று 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. திரும்பச் செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதனால் அறிவியல் நிரூபித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதை நம்மை ஒரே ஆளோடு நீண்ட நேரம் உட்கார வைக்கிறது. ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-இல் விகடனில் வந்த 'அக்னிப் பிரவேசம்' கதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிலையில் தாய் கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள்; அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பெண் அதே பெண். வீட்டுப் பெரியவர்கள் அந்த நேரத்தில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மாறுகிறது, நாவலின் நாயகி கங்காவின் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. சூழ்நிலையைப் பற்றி மிஷெல் சொன்னதை இவ்வளவு வலியோடு சொன்ன எழுத்து தமிழில் வேறொன்று எனக்குத் தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

உளவியலில் என்ன படிக்கலாம் என்றால், கானமன் கண்டிப்பாக. அதில் சொற்களைக் காட்டியே நடத்தையை மாற்றலாம் என்று சொல்லும் நாலாவது அத்தியாயத்தை மட்டும் நம்பாதீர்கள். சிறிய ஆய்வுகளை அதிகமாக நம்பிவிட்டதாக 2017-இல் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்து மூளை நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் எழுதிய 'ஃபாண்டம்ஸ் இன் தி பிரெய்ன்' (1998). நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வெட்டி எடுக்கப்பட்ட கையில் தீராத வலி இருப்பதாகச் சொன்ன நோயாளிகளை அவர் பைத்தியம் என்று ஒதுக்கவில்லை. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டார். பெட்டிக்குள் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கை போலக் காட்டினார். சிலருக்கு வலி தணிந்தது. முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடக் கற்றுத் தருகிறேன் என்று அட்டையில் போட்டிருக்கும் புத்தகங்களை வாங்க வேண்டாம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பகல் தூக்கம், இரவு விழிப்பு, எதிலும் ஈடுபாடில்லாமல் ஒதுங்குதல் இவையெல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதைப் புத்தகத்தை வைத்து நீங்களோ, கடிதத்தை வைத்து நானோ முடிவு செய்யக் கூடாது. மனநல மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எப்படிப் பேச்சை எடுப்பது என்று கேட்க நீங்களே முதலில் அழைக்கலாம். சாகப்போவது போன்ற பேச்சு ஏதாவது வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கு முன்னால் அவரிடம் போய், "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புடா" என்று சொல்லுங்கள். 'ஆனால்' என்று எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. சில நாள் கழித்து, அந்த இரண்டாவது கம்பெனிக்காரன் கைவிரித்த அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நடுவில் யோசனை எதுவும் சொல்ல வேண்டாம்.

புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமா என்றீர்கள். இப்போது வேண்டாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு எதைக் கொடுத்தாலும், 'உன்னிடம் இந்தக் குறை இருக்கிறது, படித்துத் திருந்து' என்றுதான் அவருக்குக் கேட்கும். பேச்சு பழையபடி ஆன பிறகு அவராகக் கேட்டால், ராமச்சந்திரனைக் கொடுங்கள்.